உருபேற்றலும் இளஞ்சிறார் இலக்கணமும்

கல், வீடு, மரம் என்னும் பெயர்கள் ஐயுருபு ஏற்குங்கால் கல்லை, வீட்டை, மரத்தை என நிற்கும். முதலதில் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிற்று. இரண்டாவதில் டகர ஒற்று இரட்டி உகரம் கெட்டது. மூன்றாவதில் மகரங் கெட்டு அத்துச் சாரியை தோன்றிற்று. இவற்றைப் பேச்சில் இயல்பாக வழங்கும் சிறுவன், எழுதப் புகுங்கால் இடர்ப்படுகின்றான். அவனுக்கு இவ்விதிகளை வகுத்துரைக்கும் முறை வளர்ந்தவாற்றை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்து ஒன்பது இயல்களுள் ஆறாவதாகிய உருபியலைப் பெயரும் உருபும் புணரும் இயல்பிற்கென்றே வகுத்தார். மரத்தை, வீட்டை ஆகிய இரண்டற்கும் விதி ஆங்கே உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தியாரோ ஈற்றெழுத்துப் பற்றிப் பகுத்தார். அதனால் வீட்டை என்பதற்குரிய இரட்டல் உயிரீற்றுப் புணரியலிலும், கல்லை என்பதற்குரிய இரட்டல் மெய்யீற்றுப் புணரியலிலும், அத்து முதலிய சாரியைகளின் தொகை உருபு புணரியலிலும் அமைந்தன. புலமை நோக்கிற்கு இப்பகுப்பு மிகப் பொருந்தும். ஆயினும் ஒரே உருபை மூன்று சொற்களோடு சேர்த்தெழுத விழையும் சிறுவன் மூன்று இயல்களைத் தேட நேரும்.

திண்ணைப் பள்ளிகளில் இவ்விடர் பெரிதாகத் தோன்றவில்லை. மணலில் நெடுங்கணக்கு எழுதிய மாணாக்கன் ஆத்திசூடி முதலியவற்றை வாய்ப்பாடமாக ஓதினான். நன்னூல் பின்னரே வந்தது. ஓலையிற் புள்ளியிடும் வழக்கமும் அருகியே இருந்தமையின், எழுத்தைச் செவி வழிநின்று அறிதலே முறையாயிற்று. அச்சுநூல் பெருகிய 19ஆம் நூற்றாண்டிலோ கண்ணாற் கண்டு எழுதும் திருத்தம் வேண்டப்பட்டது.

அவ்வேண்டலை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1848இல் வண்ணார்பண்ணையிற் பள்ளி நிறுவிய அவர், இலக்கணச் சுருக்கத்தில் நூற்பாவை நீக்கி உரைநடையில் விதி கூறினார். நன்னூலின் மூன்று புணரியல்களையும் ஒரே புணரியலாக அடக்கினார். ஆங்காங்கே தேர்வு வினாக்களையும் அமைத்தார். மனனத்தினின்று விளக்கத்திற்குச் சென்ற மாற்றம் இது. எனினும் விதி முன்னும் எடுத்துக்காட்டுப் பின்னுமாக நிற்கும் வைப்புமுறை மாறவில்லை.

இளஞ்சிறார்க்கு அம்முறை தலைகீழாதல் வேண்டும் என்பதே எம் கருத்து. கல், கல்லை, கால், காலை என இணைத்துக் காட்டின், குறில் நெடில் வேறுபாட்டை மாணாக்கன் தானே காண்பான். ஆறு, ஆற்றை, காது, காதை என்பவற்றை அடுத்து வைப்பின், டகர றகரங்களே இரட்டும் என்பது புலனாகும். சொல்லை அவன் நா முன்னரே அறியும். அந்நா அறிந்ததற்குப் பெயரிடுவதே இலக்கணம். அதனை மறந்து விதியை முன்னிறுத்தின், தெரிந்த மொழியே அவனுக்குத் தெரியாத மொழியாய்விடும்.