கனங்குறைந்த ஆடிகளும் காவலூர்த் தொலைகாட்டியும்

தொலைகாட்டியின் வரலாறு பெரும்பாலும் அதன் விட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. இத்தனை அங்குலம், இத்தனை மீற்றர் என நாம் எண்ணி வியக்கின்றோம். ஆயின், அதனை ஆக்கியோரை ஓயாது வருத்தியது எடையே. ஒளியைத் தெறிக்கச் செய்வது ஆடியின் முகத்திற் படிந்த, மயிரிழையினும் மிக மெல்லிய உலோகப் படலமாகும். பின்னே கிடக்கும் கண்ணாடி முழுவதும் அப்படலத்தின் வடிவு கெடாமற் காப்பதற்கே உள்ளது. அவ்வாறாயின் அக்கண்ணாடியில் வேண்டுவது எவ்வளவு, வேண்டாதது எவ்வளவு? இவ்வினாவுக்கு மாந்தர் கண்ட விடைகளை ஈண்டு ஆராய்வாம்.

1668ஆம் ஆண்டில் நியூற்றன் அமைத்த தெறிப்புத் தொலைகாட்டியின் ஆடி, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலானது. அயர்லாந்திலே றொஸ் பிரபு 1845இல் நிறுவிய 72 அங்குல ஆடியும் அவ்வுலோகமே. அதன் எடை ஏறத்தாழ 3 தொன். அது விரைவில் மங்கும்; மங்கியபோதெல்லாம் மீண்டும் தேய்த்து மெருகிடல் வேண்டும். 1856, 1857ஆம் ஆண்டுகளில் ஸ்ரைன்கைல், பூக்கோ என்னும் இருவரும் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறையைத் தொலைகாட்டிக்குப் பயன்படுத்தினர். அதன்பின் மங்கிய வெள்ளியைக் கழுவிப் புதிது பூசினாற் போதும். அரிதின் முயன்று அமைத்த வளைவுக்குக் கேடில்லை.

எனினும் கண்ணாடிக்கும் இரண்டு பகைகள் உண்டு. ஆடி மெல்லிதாயின் தன் பாரத்தாலேயே வளையும். அதனைத் தடுக்கத் தடிப்பைக் கூட்டினால், பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் எளிதில் விடாது. அதன்கண் தோன்றும் விண்மீன் நடுங்கித் தெளிவிழக்கும். சோவியத் நாட்டார் 1975இல் இயக்கத் தொடங்கிய 6 மீற்றர்த் தொலைகாட்டியின் ஆடி 42 தொன் எடையுடையது. அத்துணைக் கண்ணாடி குளிர்வதற்குள் இரவே கழிந்துவிடும் என்பது அதனால் உலகங்கண்ட பாடம். எனவே கனங்குறைத்தல் சிக்கனம் மட்டுமன்று. தெளிந்த காட்சிக்கே அது வேண்டப்படுவது.

இதற்கு முதற்பெரு விடை அமெரிக்காவின் பலோமர் மலைக்கென வார்க்கப்பட்ட 200 அங்குல ஆடியாகும். வெப்பத்தால் மிகக் குறைவாக விரியும் பைரெக்ஸ் கண்ணாடியை, பின்புறம் குழிகளும் விலாக்களும் அமையுமாறு வார்த்தனர். 1934 மார்ச்சில் வார்த்தபோது, குழிகளுக்காக வைத்த அச்சுக்கட்டைகள் சில கழன்று மிதந்தன. அவ்வாண்டு டிசெம்பர் 2இல் வார்த்ததே பயன்பட்டது. அது படிப்படியாகக் குளிர்வதற்குப் பத்துத் திங்கள் வரை சென்றது. 20 தொன் எடையிருந்த வட்டு, தேய்த்து முடித்தபின் 14.5 தொன்னாயிற்று. போரினால் இடையில் நின்ற பணி நிறைவுற்று, 1948இல் தொலைகாட்டி திறந்துவைக்கப்பட்டது.

அம்மலையிற் பின்னர் ஆய்வு செய்தவர்களுள் ஒருவர், 1927இல் சென்னையிற் பிறந்த வைணு பாப்பு. தாயகம் மீண்ட அவர் 1960இற் கொடைக்கானல் வானாய்வு நிலையத் தலைவரானார். காவலூர் என்றதும் நம்மவர் ஊர்காவற்றுறையையே நினைப்பர். அவர் தெரிந்தெடுத்த காவலூர் தமிழ்நாட்டுச் சவ்வாது மலையிலுள்ள சிற்றூர். 1968இல் அங்கே 38 சதம மீற்றர்த் தொலைகாட்டியோடு பணி தொடங்கிற்று. பின்னர் 2.34 மீற்றர்த் தொலைகாட்டி ஒன்றை நாட்டிலேயே அமைக்கத் துணிந்தார். கண்ணாடி வட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆயின் அதனை வளைவாக்கி மெருகிட்ட பணி பெங்களூரில், ஜெயராஜன் தலைமையில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையிலே பல்லாண்டு நடந்தது. 1982இற் பாப்பு மறைந்தார். 1986 ஜனவரியில் அத்தொலைகாட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

முடித்த ஆடியை விலைக்கு வாங்கியிருந்தால் அவர் தம் கண்ணாலேயே அதன்வழி வானை நோக்கியிருப்பாரே எனச் சிலர் கூறலாம். அக்கூற்றிலும் உண்மையுண்டு. அதனை எடைபோடுதற்குப் பின் நிகழ்ந்தவற்றையும் நோக்கல் வேண்டும்.

காவலூர் ஆடி தடித்த ஒற்றை ஆடி மரபினது. அதன்பின் உலகம் சென்ற வழிகளுள் இரண்டு ஈண்டுக் குறிக்கத்தக்கன. அரிசோனாப் பல்கலைக்கழகத்து றொஜர் ஏஞ்சல், தேனடை போன்ற உட்குழிவுள்ள அச்சிற் கண்ணாடியை உருக்கி, உலையையே சுழற்றினார். சுழலும் குழம்பு தானே குழிந்து பரவளைவாகும். தேய்த்து நீக்கவேண்டிய கண்ணாடி பெரிதும் குறையும். மற்றையது, ஓராடியைப் பல துண்டுகளாக அமைத்தல். 1993இல் ஹவாய்த் தீவிற் பணிதொடங்கிய கெக் தொலைகாட்டியின் 10 மீற்றர் ஆடி, 36 அறுகோணத் துண்டுகளாலானது. ஒவ்வொன்றின் தடிப்பும் 7.5 சதம மீற்றரே. துண்டின் விளிம்பை அளந்த விசையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, எளிய கோள வடிவில் மெருகிடுவர்; விசையை நீக்கியதும் அது வேண்டிய அரிய வடிவைத் தானே அடையும்.

முப்பது மீற்றர்த் தொலைகாட்டி எனப்படும் திட்டத்துக்கு 492 துண்டுகள் வேண்டும். அவற்றின் தடிப்பு 4.5 சதம மீற்றர். அவற்றுள் ஒரு பகுதியை மெருகிடும் பொறுப்பு இந்தியாவுக்குரியதாக, பெங்களூரையடுத்த ஹொஸகோட்டையில் 2020இல் அதற்கெனப் பட்டறை திறக்கப்பட்டது. அதனை நிறுவியது, காவலூர் ஆடியை மெருகிட்ட அதே நிறுவனம். தொலைகாட்டியின் கட்டுமானம் தடைப்பட்டு நிற்பினும், கைவந்த தொழில் கைவிட்டுப் போவதன்று. வாங்கியிருந்தால் ஓராடி கிடைத்திருக்கும். செய்தமையால் ஒரு மரபு கிடைத்தது.

இலங்கையர்க்கு இதனால் ஓர் உணர்ச்சி பிறத்தல் வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதிவழியே தெற்கே சென்றால், மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளாக் நிலையத்தில் 45 சதம மீற்றர்த் தொலைகாட்டி ஒன்றுண்டு. 1996இல் யப்பான் அரசு நல்கிய கொடை அது. கொடையாக வந்தது நம் கண்ணைத் திறக்கும். நம் கையைப் பழக்குவது நாமே செய்வதாகும். இரண்டு கண்ணாடி வட்டுகள், தேய்க்கும் காபொரண்டம் தூள், மெருகிடக் கீல் ஆகியவை கொண்டு ஆறங்குல ஆடியை மாணவரும் ஆக்கலாம். அதன் பிழையைக் காணப் பூக்கோ வகுத்த சோதனைக்கு ஒரு சிறு விளக்கும் சவர அலகும் போதும். நம் கலாசாலை ஆய்வுகூடங்களில் இவற்றுக்கு இடமில்லையெனின், குறை பொருளிலன்று, துணிவிலேயாம். பாப்புவைப் போலப் பயனைத் தாம் காணாதொழியினும் பணியைத் தொடங்கும் ஆசிரியரும், பொறுமையோடு தேய்க்கும் மாணவரும் நம்மிடையே தோன்றுவாராக.