பூட்டப்படாத தொடக்க நிலைபொருள்

தொடக்க நிலைபொருள் என்பது கணினியை இயக்கியவுடன் முதலில் செயற்பட்டு, வன்பொருளைத் தயார்செய்து, இயங்குதளத்தை ஏற்றும் நிரலாகும். பயாஸ், யூஈஎஃப்ஐ ஆகியன இதன் வகைகள். உரிமையாளர் இந்நிரலை மாற்றி அமைக்க இயலுமாயின் அது பூட்டப்படாத நிலைபொருள் எனப்படும். இத்தகைய நிலைபொருளும் புதிய விளையாட்டுகளுக்குப் போதிய வேகமும் ஒருங்கே அமைந்த கணினிகள் மிகச் சிலவே.

பூட்டுகளின் வகைகள்

இருவகைப் பூட்டுகள் உள்ளன. 2012-இல் விண்டோஸ் 8 உடன் பரவலான செக்யூர் பூட், கையொப்பமிடப்பட்ட இயங்குதள ஏற்றியை மட்டுமே அனுமதிக்கும். பெரும்பாலான தனியாள் கணினிகளில் இதனை உரிமையாளர் நிறுத்திவிடலாம். 2013-இல் ஹாஸ்வெல் செயலிகளுடன் வந்த இன்டெல் பூட் கார்ட், நிலைபொருளையே சரிபார்க்கிறது. தயாரிப்பாளர் தமது திறவியின் அடையாளத்தைச் சில்லில் நிலையாகப் பதித்துவிட்டால், அதனைப் பின்னர் நீக்க இயலாது. எனினும் எல்லாத் தாய்ப்பலகைகளிலும் இது பதிக்கப்படுவதில்லை.

கட்டற்ற மாற்றுகள்

கோர்பூட் 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 2008-இல் இப்பெயரைப் பெற்றது. இதன் வழித்தோன்றலான லிப்ரேபூட், 2008-ஆம் ஆண்டின் திங்க்பேட் எக்ஸ்200 மடிக்கணினியில் இன்டெல் மேலாண்மைப் பொறியின் நிரலை முற்றிலும் நீக்கி இயங்க வல்லது. ஆனால் அதன் வரைகலைத் திறன் குறைவு. வெஸ்நோத் போன்ற எளிய விளையாட்டுகளே அதற்கு ஏற்றவை.

விளையாட்டுக்கான தெரிவுகள்

எம்எஸ்ஐ புரோ இசட்690-ஏ தாய்ப்பலகை, கோர்பூட்டை அடிப்படையாகக் கொண்ட தஷாரோ நிலைபொருளை ஏற்கும். இதில் இன்டெலின் 12-ஆம் தலைமுறைச் செயலியையும் தனி வரைகலை அட்டையையும் பொருத்தலாம். எனினும் இன்டெலின் மூடிய நிரற்பகுதிகள் சில இதில் எஞ்சியுள்ளன. பவர்9 செயலி கொண்ட டாலோஸ் II கணினியின் நிலைபொருள் திறந்த மூலமுடையது. ஆயினும் எக்ஸ்86 செயலிகளுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் அதில் நேரடியாக இயங்கா.

வரைகலை அட்டைகளிலும் இச்சிக்கல் உண்டு. 2014-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், என்விடியா அட்டைகளுக்கு அந்நிறுவனம் கையொப்பமிட்ட நிலைபொருள் தேவைப்படுகிறது.

வரம்புகள்

சில விளையாட்டுகள் பூட்டையே வேண்டுகின்றன. வேலரன்ட் 2021 முதல் விண்டோஸ் 11 கணினிகளிலும், 2025-இல் வெளியான பேட்டில்ஃபீல்ட் 6 பொதுவாகவும், ஏமாற்றுத் தடுப்பிற்காகச் செக்யூர் பூட் இயக்கத்தில் இருப்பதைக் கட்டாயமாக்கின. எனவே எவ்விளையாட்டு என்பதைப் பொறுத்தே எந்தப் பூட்டைத் தவிர்க்கலாம் என்பது அமைகிறது.