பிலடெல்பியாவில் சத்தியம், கொழும்பில் கடன்

18ஆம் நூற்றாண்டில் ரைன் ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பிய ஜெர்மானியர்களில், கிழக்கே ஹங்கேரிப் பக்கம் போனவர்களை விட்டுவிட்டால், பலரும் ஆற்றோடு இறங்கி ஒல்லாந்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ராட்டர்டாமில் குடும்பத்தோடு கப்பலேறியவர் இங்கிலாந்தின் கவ்ஸ் துறைமுகத்தைத் தொட்டு பிலடெல்பியா போனார். கைக்காசு தீர்ந்து தனியாளாக நின்றவர் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியில் சிப்பாயாகச் சேர்ந்து பத்தாவியாவுக்கோ கொழும்புக்கோ போனார். இந்த இருவரின் பேரன் பேத்திகளும் இன்று மூதாதையின் ஊரைத் தேடுகிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் தடயம் மற்றவருக்குக் கிடைப்பதில்லை. யார், எதற்காக எழுதி வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

பிலடெல்பியாவில் எழுதி வைத்தது அரசு. அந்நியர்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குவதைக் கண்டு கலங்கிய பென்சில்வேனியா நிர்வாகம், 1727 செப்டம்பரில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வந்திறங்கும் ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும். அந்த மாதமே வந்த 'வில்லியம் அண்டு சாரா' கப்பலோடு பட்டியல்கள் தொடங்குகின்றன. பல கப்பல்களுக்கு மூன்று பட்டியல்கள் உண்டு: தலைமை மாலுமி கொடுத்தது, விசுவாசப் பிரமாணம், ஸ்டுவர்ட் வம்சத்தின் அரியணை உரிமையை மறுக்கும் பிரமாணம். ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கியும் 1934இல் இவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். இரண்டாம் தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல். தேடுபவர்கள் அங்கேதான் உட்கார்ந்துவிடுவார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான். பழைய ஜெர்மன் எழுத்தில் ஒருவர் சரளமாகக் கிறுக்கியிருப்பார். அடுத்தவருக்கு எழுதத் தெரியாது. குமாஸ்தா பேரை எழுத, நடுவில் அவர் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். மாலுமியின் பட்டியலில் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி சிதைந்து கிடக்கும் பெயர், அவரவர் கையெழுத்தில் ஒழுங்காக இருக்கும். ஒரே பெயரில் பலர் இருக்கையில், பின்னாளைய உயில் ஒன்றின் கையெழுத்தோடு இதை ஒப்பிட்டு ஆளைப் பிடித்தவர்கள் உண்டு.

ஆனால் சத்தியம் வாங்குபவருக்கு எந்த ஊர் என்ற கவலை ஏது? ரைன் கரைப் பகுதியான பாலட்டினேட்டின் பேரில் 'பாலட்டினேட்காரர்கள்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் போதும். 16 வயதுக்குக் குறைந்த பையன்கள் கையெழுத்திட வேண்டியதில்லை. பெண்கள் எந்த வயதானாலும் தேவையில்லை. கப்பலில் ஒரு தாயும் ஐந்து பிள்ளைகளும் வந்திருந்தாலும் காகிதத்தில் நிற்பது பெரும்பாலும் அப்பன் ஒருவன்தான்.

கொழும்புப் பக்கம் கதையே வேறு. அங்கே எழுதியவர் கணக்கப்பிள்ளை. கம்பெனியின் சம்பளப் பேரேடுகள், பெரும்பாலும் 1700க்குப் பிந்தியவை, இன்றும் ஹேக் நகரின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஆளுக்கொரு கணக்கு. தலைப்பில் பெயர், ஊர், பதவி, கப்பல். கணக்கு தொடங்குவதே கடனில்தான். துறைமுகத்தில் சோறும் படுக்கையும் கொடுத்து ஆள் சேர்த்துவிட்ட விடுதிக்காரருக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் 150 கில்டர் வரை போகும். அதோடு பெட்டி, முன்பணம். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 9 கில்டர். பத்திரக் கடனை மட்டும் கழிக்கவே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுச் சம்பளம் வேண்டும். அந்த விடுதிக்காரர்களை ஊரார் ஆத்மா வியாபாரிகள் என்றே அழைத்ததில் தப்பில்லை.

இந்தக் கடன் கணக்குதான் சந்ததிக்கு வரமாகிறது. ஆள் செத்தால் மிச்சச் சம்பளத்தை வாரிசுக்குக் கொடுக்க வேண்டும். அப்போது எந்த ஊர்க்காரர் என்பது தெரிந்தாக வேண்டும். கணக்கின் முடிவில் இறந்தாரா, திரும்பினாரா, ஓடிப்போனாரா என்பதும் இருக்கும். விசுவாசத்தைவிடப் பணம்தான் மனிதனைத் துல்லியமாக நினைவு வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். ஒரு எச்சரிக்கை: கேட்டவர் ஒல்லாந்தர், சொன்னவர் ஜெர்மானியர். ஹைன்ரிக் என்றது ஹெண்ட்ரிக் ஆகியிருக்கும். பக்கத்துக் குக்கிராமத்தான் 'காசல்' என்று நகரத்தின் பேரைச் சொல்லியிருப்பான்.

சம்பளக் கணக்கில் பெரும்பாலும் மனைவி இல்லை. ஐரோப்பியப் பெண்கள் அந்தக் கப்பல்களில் வந்தது மிக அரிது. சிப்பாய் மணந்தது பெரும்பாலும் அங்கேயே பிறந்தவளை: போர்த்துக்கீசியக் கலப்பு வழியினள், ஏற்கெனவே வந்தவர்களின் மகள், சிங்களப் பெண், தமிழ்ப் பெண். கம்பெனி வேலையை விட்டு அங்கேயே குடியமர்ந்ததும் அவர் கணக்கு மூடப்படுகிறது. அதன்பின் தேவாலயப் பதிவேடு, தோம்பு எனும் காணிப் பதிவேடு, பத்திரங்கள் என்று வேறு காகிதங்களுக்குத் தாவ வேண்டும். இவர்களின் வழிவந்தோர் 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் வெளியிட்ட வம்சாவளிகளைப் பார்த்தால், இன்ன ஊரிலிருந்து இன்ன கப்பலில் வந்தார் என்று ஓர் ஆணில்தான் தொடங்கும். முதல் பாட்டி வெறும் பெயரோடு நின்றுவிடுவாள், அதுவும் ஞானஸ்நானப் பெயர். அதற்கு முன் அவள் வீட்டில் அவளை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதைச் சொல்லும் காகிதம் கிடைப்பது அபூர்வம்.

பென்சில்வேனியாவில் இது தலைகீழ். துறைமுகப் பட்டியல் மறைத்த பெண்ணை ஜெர்மனியில் கிளம்பி வந்த ஊரின் தேவாலயம் காட்டிக்கொடுக்கும். ஊர் மட்டும் தெரிந்துவிட்டால், அங்கே கல்யாணமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் வரிசையாக இருக்கும். ஓரத்தில் 'அமெரிக்கா போனார்கள்' என்று போதகர் குறித்திருந்தால் அதிர்ஷ்டம். பண்ணையடிமைத் தளையிலிருந்து விடுபடப் பணம் கட்டிய பதிவும் சிலருக்குக் கிடைக்கும்.

ஊரே தெரியாதபோது என்ன செய்வது? 1710இல் நியூயார்க் வந்த பாலட்டினேட் குடும்பங்களை ஆராய்ந்த ஹென்றி ஜோன்ஸ் கையாண்ட வழி, தனி ஆளை விட்டுவிட்டுக் கூட்டத்தைத் தேடுவது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்தே கப்பலேறினார்கள், சேர்ந்தே குடியேறினார்கள், ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானப்பெற்றோராக நின்றார்கள். அவர்களில் ஒருவரது ஊர் கிடைத்தால் மற்றவர்களைச் சுற்றுவட்டாரத்திலேயே தேடலாம்.

கொழும்பு வழியினருக்கும் இது உதவும், வேறு விதமாக. சிப்பாய் தனியாக வந்தவர். அவர் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நிற்க ஜெர்மனியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. சாட்சிகளில் ஒருவர் கூடப் பணிசெய்தவராக இருக்கலாம். இன்னொருவர் மனைவியின் தம்பியோ சித்தியோவாக இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டியைத் தேடுகிறவர் தொடங்க வேண்டியது அந்தச் சாட்சிகளின் பெயர்களில்.