பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு நாள்: மண்ணால கட்டின கோட்டை

பிசானம் அறுத்து முடிச்சாச்சு. காருக்கு பாபநாசத்துல தண்ணி திறக்க இன்னும் நாள் கிடக்கு. பேரனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. "தாத்தா, கட்டபொம்மன் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரு வாரமா நச்சரிச்சான். ஞாயித்துக்கிழமை ஒரு வேன் பிடிச்சு, புளிச்சோறு, துவையல், ரெண்டு குடம் தண்ணியோட குடும்பமா கிளம்பிட்டோம்.

சேரன்மாதேவி தாண்டி பாளையங்கோட்டை வழியாத்தான் போனோம். வயலும் வாழையுமா இருந்தது மாறி, ஓட்டப்பிடாரம் பக்கம் போனா பனையும் உடைமரமும் கரிசலும்தான். அங்க இருந்து கொஞ்ச தூரத்துல பாஞ்சாலங்குறிச்சி.

கோட்டை வாசலைப் பார்த்ததும் பேரனுக்கு ஒரே சந்தோஷம். உள்ள சுவர்ல வரைஞ்சிருக்கிற படங்களை ஒவ்வொண்ணா பார்த்தான். பிறகு, இது 1974-ல அரசாங்கம் கட்டின நினைவுக் கோட்டைன்னு நான் சொன்னதும் முகம் வாடிப்போச்சு. "அப்போ நிஜக் கோட்டை எங்க தாத்தா?"ன்னு கேட்டான்.

பழைய அரண்மனையோட அடித்தளம் அங்க தனியா இருக்கு. அதைக் காட்டினேன். தரையோட தரையா கிடக்கு. "இவ்வளவுதானா?"ன்னான். அந்த இடத்துல உக்காந்துதான் அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

1799 செப்டம்பர்ல மேஜர் பானர்மேன் படையோட வந்து கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் அங்க இருந்து தப்பிச்சாலும் பிறகு பிடிபட்டு, அக்டோபர் 16-ந்தேதி கயத்தாறுல தூக்குல போட்டாங்க. கோட்டையை இடிச்சுத் தள்ளிட்டாங்க. தம்பி ஊமைத்துரையையும் மத்த ஆட்களையும் பாளையங்கோட்டைச் சிறையில அடைச்சாங்க. நாங்க காலையில கடந்து வந்த அதே பாளையங்கோட்டைதான்.

1801 பிப்ரவரி 2-ந்தேதி ஊமைத்துரை சிறையில இருந்து தப்பி சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். ஒரு வாரத்துக்குள்ள மேஜர் மெக்காலே படையோட வந்து பார்த்தா, தரைமட்டமாக்கின கோட்டை திரும்ப எழும்பி நிக்குது! கல்லு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. அத்தனையும் மண்ணு. சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். சுத்தி முள்வேலி.

நண்பர்களே, நமக்கு மண்ணு வேலை தெரியும். ஒரு வயலுக்கு வரப்பு வெட்டி மெழுகவே ரெண்டு ஆளுக்கு இடுப்பு ஒடிஞ்சு போகும். அப்படின்னா அந்தச் சில நாள்ல எத்தனை ஜனம் மம்பட்டியும் கூடையும் தூக்கியிருக்கணும்! கட்டினதுல பாதிப்பேரு நம்மளை மாதிரி சம்சாரிகளாத்தான் இருந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. சரியாப் பிசைஞ்சு ஏத்தின மண்ணுச் சுவர்ல குண்டு விழுந்தா கல்லு மாதிரி சிதறாது, உள்ள புதைஞ்சுக்கும். மார்ச் 31-ந்தேதி வெள்ளைக்காரன் ஏறிப் பார்த்தான், நீள ஈட்டிக்கு முன்னால முடியல. கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கியும் கொண்டு வந்த பிறகு, மே 24-ந்தேதிதான் கோட்டை விழுந்துச்சு. ஊமைத்துரையை நவம்பர்ல அதே ஊருக்குக் கொண்டுவந்து கொன்னாங்க.

அதுக்குப் பிறகு கோட்டை இருந்த இடத்தை ஏர் கட்டி உழுது, ஆமணக்கும் உப்பும் விதைச்சாங்கன்னு சொல்வாங்க. இங்க எனக்குத் தொண்டை அடைச்சிட்டு. ஏரு சோறு போடுற சாமான். அதை வச்சு ஒரு ஊரை அழிச்சிருக்கான். ஆனா வெள்ளைக்காரனை மட்டும் ஏசவும் முடியல. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி எதிரி ஊர்த் தெருவுல கழுதை பூட்டி உழுததைப் புகழ்ந்து புறநானூத்துலயே பாட்டு இருக்குன்னு எங்க தமிழய்யா பாடம் நடத்தினது ஞாபகம் வந்துச்சு. ஜெயிச்சவன் புத்தி எங்கயும் ஒண்ணுதான்.

வீரஜக்கம்மா கோயில்ல கும்பிட்டுட்டு, வெளியே வெள்ளைக்காரச் சிப்பாய்களோட கல்லறையையும் பார்த்தோம். "பாவம், இவங்களும் எங்க இருந்தோ வந்து செத்திருக்காவ"ன்னு எங்க வீட்டுக்காரி சொன்னா.

திரும்பி வரும்போது பேரன் கேட்டான்: "நம்ம ஊர்ல கோட்டை இருக்கா தாத்தா?" எனக்குப் பதில் வரல. ஊருக்கு மேற்க ஒரு மேடு இருந்துச்சு. பழைய ஆளுங்க அதை கோட்டைமேடும்பாங்க. ஓட்டுச்சில்லும் பானைத்துண்டும் கிடக்கும். வீடு கட்டுறவன்லாம் அடித்தளம் நிரப்ப அங்க இருந்துதான் மண்ணு அள்ளினான். நானும் ரெண்டு டிராக்டர் லோடு அள்ளியிருக்கேன். இப்போ அங்க குட்டைதான் கிடக்கு. யாரு கோட்டை, யாரு கட்டினது, ஒண்ணுமே தெரியாது. வெள்ளைக்காரன் உப்பு விதைச்ச இடத்துக்குக்கூட இன்னைக்குப் பேரு நிக்குது. நாங்களே அள்ளின இடத்துக்கு இல்ல.

இதைப் பேரன்கிட்ட மறைக்காம சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவன், "நம்ம வீட்டுக்கு அடியில கோட்டை இருக்கு"ன்னான்.

உங்க ஊர்லயும் இப்படி மேடு இருந்தா, அள்ளுறதுக்கு முன்னால ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க. பாஞ்சாலங்குறிச்சி போறவங்க நினைவுக் கோட்டையோட திரும்பிராம, அந்த அடித்தளத்தையும் பார்த்துட்டு வாங்க. வெயில் கொளுத்தும், தொப்பியும் தண்ணியும் மறக்காதீங்க.