அறுவையில்லா முதுகுவலி மருத்துவத்தின் வரலாறு

கீழ் முதுகுவலி என்பது விலா எலும்புகளுக்குக் கீழே, இடுப்புப் பகுதியில் தோன்றும் வலியாகும். திடீரென வரும் வலி பெரும்பாலோருக்கு அறுவை மருத்துவம் இல்லாமலேயே சில வாரங்களில் தணிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் அளித்துவந்த விடை, 1980களுக்குப் பின் தலைகீழாக மாறியது.

படுக்கை ஓய்வு

19ஆம் நூற்றாண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், ஓய்வின் குணப்படுத்தும் ஆற்றலைத் தம் சொற்பொழிவுகளில் வலியுறுத்தினார். 1934இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகியோர், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் கால்வரை வலி பரவும் என்று காட்டினர். அதன்பின் முதுகுவலி என்றாலே வட்டுக் கோளாறு என்ற எண்ணம் பரவியது. அறுவை தேவைப்படாதவர்களுக்குப் படுக்கையே மருந்தாயிற்று. படுத்திருக்கக் காசு வேண்டாம் என்று தோன்றினாலும், வேலை செய்து பிழைப்பவருக்கு இழந்த கூலியே அதன் விலையாக இருந்தது.

ஆய்வுகள் காட்டியவை

1986இல் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ரிச்சர்டு டேயோ குழுவினர் 203 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு 2 நாள் ஓய்வும் மற்றவர்களுக்கு 7 நாள் ஓய்வும் கூறப்பட்டன. குணமடைவதில் வேறுபாடு இல்லை. ஆனால் 2 நாள் ஓய்வு கூறப்பட்டவர்கள் இழந்த வேலை நாட்கள் 45% குறைவு. 1995இல் எல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். படுத்திருந்தவர்கள் எல்லோரிலும் மெதுவாகத் தேறினர்.

செலவை நேரடியாக ஒப்பிட்டது 1998இல் வெளிவந்த சியாட்டில் ஆய்வு. 321 பேரில் ஒரு பிரிவினர் இயன்முறை மருத்துவமும், மற்றொரு பிரிவினர் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் மருத்துவமும் பெற்றனர். மூன்றாம் பிரிவினருக்கு விளக்கக் கையேடு மட்டுமே தரப்பட்டது. இரண்டு ஆண்டுச் செலவு முறையே 437, 429, 153 டாலர். சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிடைத்த கூடுதல் பயன் சிறிதளவே.

விக்டோரியா பரப்புரை

ஆத்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல், முதுகுவலி வந்தால் படுத்துவிடாமல் இயங்குமாறு தொலைக்காட்சியில் அறிவுறுத்தப்பட்டது. முதுகுவலிக்கான தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கைகள் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. ஒவ்வொரு கோரிக்கைக்குமான மருத்துவச் செலவு 20% குறைந்தது. மக்களின் அச்சம் குறைந்தது. மருத்துவர்களின் எண்ணமும் மாறியது.

இன்றைய நிலை

2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், மாத்திரைகளுக்கு முன்பாக வெப்ப ஒத்தடம், உருவுதல் போன்றவற்றைப் பரிந்துரைத்தது. நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி முதலிடம் பெறுகிறது. எனினும், கால் வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றுடன் வரும் முதுகுவலிக்கு இவ்வறிவுரை பொருந்தாது. அந்நிலையில் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.