மேயராக நினைக்கும் என் மாணவனுக்கு: சத்தியமூர்த்தியும் பூண்டி ஏரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லை, சாவகாசமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் (பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான்) அடுத்த மாநகராட்சித் தேர்தலில் வார்டில் நிற்கப் போகிறானாம். கட்சி மனசு வைத்தால் மேயர் நாற்காலி வரைக்கும் கனவு இருக்கிறது. "டீச்சர், நான் மேயரானா என்னென்ன செய்வேன்னு எழுதியிருக்கேன், திருத்திக் குடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மொத்தம் 21 வாக்குறுதி. எழுத்துப் பிழை குறைவு, சந்தோஷம். நுழைவு வளைவு மூன்றாவது, செல்ஃபி பாயிண்ட் ஏழாவது, குடிநீர் பதினான்காவது. அவனுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் போடுகிறேன்.

சென்னை மாநகராட்சியில் மேயர் என்ற பட்டமே 1933-ல்தான் வந்தது. அதற்கு முன் தலைவர் என்றுதான் பெயர். முதல் மேயர் ராஜா சர் முத்தையா செட்டியார். அந்தக் காலத்து மேயர் ஒரே ஒரு வருடம்தான் பதவியில் இருப்பார். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். 1919-ம் வருடச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் முழுக்க கமிஷனர் கையில். மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், வரவேற்புரை வாசிக்கலாம். அங்கி போட்டு, சங்கிலி மாட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு வருடத்தை ஓட்டிவிட வசதியான பதவி.

அந்த நாற்காலியில் 1939-ல் உட்கார்ந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டை திருமயத்துக்காரர், காமராஜருக்கு அரசியல் குரு. டெல்லி சட்டசபையில் வெள்ளைக்கார அரசைக் கேள்வி கேட்டே திணறடித்தவர். அவர் மேயரான நேரத்தைப் பாருங்கள். உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. இந்தியாவைக் கேட்காமலே போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை அக்டோபர் கடைசியில் ராஜினாமா செய்துவிட்டது. மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. ஊரிலோ கடுமையான தண்ணீர்ப் பஞ்சம்.

சென்னைக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று முன்பே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. 1772-ல் கோட்டைக்காக ஏழு கிணறு. அதிலிருந்து சரியாக நூறு வருடம் கழித்து, 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வரை வந்தது. திறந்த வாய்க்காலில் வந்த, வடிகட்டாத தண்ணீர். 1914-ல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வேலை செய்ய ஆரம்பித்தன. அதற்குப் பிறகு ஊர் பெருத்துக்கொண்டே போனது. 1931 கணக்கெடுப்பில் சுமார் ஆறரை லட்சம் பேர், 1941-ல் ஏழே முக்கால் லட்சம். தண்ணீருக்கு அதே சோழவரம், அதே செங்குன்றம்.

இதில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கொசஸ்தலை ஆற்றில் வருடம் முழுவதும் தண்ணீர் ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளமாக வரும், சில வாரத்தில் எண்ணூர் பக்கம் கடலில் கலந்துவிடும். தாமரைப்பாக்கத்தில் இருந்த அணைக்கட்டு ஓடுகிற தண்ணீரைச் சோழவரம் பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான். தேக்கி வைக்காது. மேலே ஓரிடத்தில் அந்த வெள்ளத்தை நிறுத்தி வைத்து, வேண்டும்போது திறந்துவிட்டால்தான் கோடையைத் தாண்ட முடியும். அந்த இடம்தான் பூண்டி, சென்னைக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர்.

போர்க்காலத்தில் அணை கட்டக் காசு கொடு என்று யாரிடம் கேட்பது? சொந்தக் கட்சி ஆட்சியில் இல்லை. கேட்க வேண்டியது வெள்ளைக்கார கவர்னரிடம், அதுவும் தன் கட்சி ஒத்துழைக்க மறுத்துவிட்ட அரசாங்கத்திடம். வேறொருவராக இருந்தால் "அந்நிய ஆட்சி, நாம் என்ன செய்வது" என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கைதட்டலும் கிடைத்திருக்கும். சத்தியமூர்த்தி விடாமல் பேசினார், வாதாடினார். 1940-ல், ஒரு வருடப் பதவிக்காலம் முடியும் முன்பே, கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். அவர்களோடு சண்டை போட்டு ஜெயிலுக்கும் போனார், ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்றபோது அவர்களிடமே போய் உட்கார்ந்து காரியத்தையும் முடித்தார்.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் மறுபடியும் கைதாகி அமராவதி சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். உடம்பு கெட்டு, 1943 மார்ச் 28 அன்று சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். அணை திறந்தது 1944-ல்.

பதினான்காவதை ஏன் முதலுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று அந்தப் பையன் கேட்டான். நான் வடசென்னையில் வேலை பார்த்த நாட்களின் வருகைப் பதிவேட்டைத்தான் அவனுக்கு நினைவுபடுத்தினேன். கோடை நெருங்கிவிட்டால் முதல் பீரியடில் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். தண்ணீர் லாரி வருகிற நாளாக இருக்கும். குடத்தை வரிசையில் போட்டுக் காவல் நிற்பது வீட்டுக்கு மூத்த பெண்ணின் வேலை. ஈரப் பாவாடையோடு பத்தரை மணிக்கு ஓடிவருவார்கள். கணக்குப் பாடம் அதற்குள் முடிந்திருக்கும். இதைப் படிக்கிற உங்களில் நாலைந்து பேருக்கு அந்த வரிசை நன்றாக நினைவிருக்கும். தம்பிகள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல், 23 வருடம் கழித்து. இடையில் 1978-ம் வருடச் சட்டத்தின் கீழ் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து தனி வாரியத்துக்குப் போய்விட்டன, நாம் மெட்ரோ வாட்டர் என்கிறோமே அது. அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சி அமைப்புகளுக்கான 18 பணிகளில் குடிநீர் ஐந்தாவதாக இருக்கிறது. ஆனால் அதை ஒப்படைப்பது மாநில அரசின் விருப்பம். ஆகவே சென்னையில் மேயராக நிற்பவர் "வீடு தோறும் குடிநீர்" என்றால், கையில் இல்லாத இலாகாவை வாக்குறுதி தருகிறார் என்று அர்த்தம். மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்ததும் 1996, 2001, 2011 ஆகிய மூன்று முறைதான். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

"அப்போ மேயரால ஒண்ணும் முடியாதுன்னு சொல்றீங்களா டீச்சர்?" என்றான். இல்லை. சத்தியமூர்த்திக்கும் நிர்வாக அதிகாரம் இல்லை, நேரடி ஓட்டும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரு வருடம், இன்றைய மேயருக்கு ஐந்து வருடம். 21 விஷயத்துக்காக 21 அலுவலகம் ஏறினால் எதுவும் நடக்காது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவர் வாசலில் போய் நிற்கச் சொன்னேன். குப்பையும் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியின் சொந்த வேலைகள், அவற்றைப் பட்டியலில் மேலே ஏற்றச் சொன்னேன். செல்ஃபி பாயிண்டை அடித்துவிட்டேன். நுழைவு வளைவுக்கு இன்னும் பிடிவாதம் பிடிக்கிறான்.

1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டு, 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் கண்டலேறு கால்வாய் வழியாகச் சென்னைக்கு வந்தபோது, அது முதலில் வந்து சேர்ந்த இடமும் இதே பூண்டிதான். சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர், இன்றைய கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி. 2019 கோடையில் அதுவும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம்.

பேரன் பேத்திகள் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். திருவள்ளூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நல்ல மழைக்குப் பிறகு போனால் மதகு திறந்திருந்தாலும் திறந்திருக்கும். பக்கத்திலேயே கற்கால ஆயுதங்கள் வைத்திருக்கும் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. கையில் சாப்பாடு கொண்டுபோய்விடுங்கள்.