எங்கே தொடங்குவது? - ஒரு ரைபோசோம் கதை

உடம்பில் தசை, நொதி, ஹார்மோன் என்று எதை எடுத்தாலும் அதில் புரதத்தின் பங்கு இருக்கும். இந்தப் புரதங்களைச் செய்து தருவது ரைபோசோம் என்ற மிகச் சிறிய இயந்திரம். டி.என்.ஏ.வில் உள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு ரைபோசோமுக்கு வருகிறது. ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலமாகக் கோர்த்துக்கொண்டே போகிறது. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் படிப்பதை எங்கே தொடங்க வேண்டும் என்று ரைபோசோமுக்கு எப்படித் தெரியும்?

இது சின்ன விஷயம் இல்லை. "கடல்மணல்வயல்" என்று இடைவெளி இல்லாமல் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்தால் கடல், மணல், வயல். ஒரே ஒரு எழுத்து தள்ளித் தொடங்கினால்? டல்ம, ணல்வ... எதற்கும் அர்த்தம் இல்லை! ஆர்.என்.ஏ.விலும் இடைவெளி கிடையாது. ஒரு எழுத்து தவறினால் புரதம் முழுவதும் வீண்.

1964ல் கேம்பிரிட்ஜில் மார்க்கர், சாங்கர் இருவரும் ஃபார்மைல் மெத்தியோனின் ஏற்றிய ஒரு ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவில் புரதம் இந்த அமினோ அமிலத்தோடுதான் தொடங்குகிறது என்பது அடுத்த இரண்டு வருடங்களில் தெளிவானது. அதற்கான எழுத்துகள் ஏ-யூ-ஜி. அப்படியானால் ஏயூஜி இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டியதுதானே என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், செய்தியின் நடுவிலும் ஏயூஜி பல இடங்களில் வரும். எது தொடக்கம், எது நடு என்று எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஜோன் ஸ்டைட்ஸ். ஹார்வர்டில் வாட்சனிடம் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, கணவர் தாமஸ் ஸ்டைட்ஸோடு 1967ல் கேம்பிரிட்ஜுக்கு வந்தவர். கணவருக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் தயாராக இருந்தது. இவருக்கோ, நூலகத்தில் உட்கார்ந்து ஏதாவது செய்யலாமே என்ற யோசனைதான் முதலில் கிடைத்தது! எப்படியோ ஒரு மேசை கிடைத்தது. அதன்பின், தோற்றுப்போக வாய்ப்பு அதிகம் என்று மற்றவர்கள் எடுக்கத் தயங்கிய வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

ஆர்17 என்ற வைரஸ் பாக்டீரியாவைத் தாக்குவது. அதன் ஆர்.என்.ஏ.வில் சுமார் 3,500 எழுத்துகள். அதற்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றி, ரைபோசோம்களைத் தொடக்க இடத்தில் உட்கார வைத்து, அதற்கு மேல் நகர விடாமல் நிறுத்தினார். பிறகு ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியைச் சேர்த்தார். வெளியே தெரிந்த பகுதியெல்லாம் அழிந்துபோக, ரைபோசோம் மூடியிருந்த சுமார் 30 எழுத்துகள் மட்டும் தப்பின. அந்தத் துண்டுகளைப் படித்து 1969ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். மூன்று மரபணுக்கள், மூன்று தொடக்க இடங்கள்.

மூன்றிலும் ஏயூஜி இருந்தது. ஆனால் ஒன்றில் இரண்டு ஏயூஜி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ரைபோசோம் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்கியது! ஏயூஜி மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வேறு ஏதோ அடையாளம் இருக்கிறது. ஆனால் மூன்றையும் எப்படி ஒப்பிட்டாலும் அது பளிச்சென்று தெரியவில்லை.

விடை வெகு தூரத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில், லின் டால்கார்னோவிடம் முனைவர் பட்ட மாணவராக இருந்தார் ஜான் ஷைன். அவர்கள் பார்த்தது தூது ஆர்.என்.ஏ.வை அல்ல, ரைபோசோமுக்குள்ளேயே இருக்கும் 16எஸ் ஆர்.என்.ஏ.வை. 1,542 எழுத்து நீளமுள்ள அதன் வால் முனையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்கள். கிடைத்தது: ஏ-சி-சி-யூ-சி-சி-யூ-யூ-ஏ.

ஆர்.என்.ஏ.வில் ஏ யூவோடும், ஜி சியோடும் எதிரெதிர்த் திசையில் ஜோடி சேரும். அப்படியானால் இந்த வாலுக்கு ஜோடி ஏஜிஜிஏஜிஜியூ. ஸ்டைட்ஸின் ஒரு துண்டில் ஏயூஜிக்குச் சில எழுத்துகள் முன்னால் இந்த ஏழு எழுத்தும் அப்படியே இருந்தது! மற்றவற்றில் அதன் சிறு பகுதிகள் இருந்தன. இரண்டு ஏயூஜி இருந்த துண்டில், இரண்டுக்கும் நடுவில் ஏஜிஜிஏ. ரைபோசோம் முதலாவதை ஏன் தாண்டியது என்பதும் புரிந்துவிட்டது. 1974ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில், புரதம் முடியும் இடத்தைக் காட்டும் எழுத்துகளோடு உள்ள பொருத்தம்தான் முதலில் வருகிறது, தொடக்க இடம் அதற்கு அடுத்துதான். காலத்தில் நின்றது இரண்டாவது.

பொருத்தம் காகிதத்தில் இருந்தால் போதுமா? உண்மையிலேயே ஜோடி சேர்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதைச் செய்தவரும் ஸ்டைட்ஸ்தான். 1975ல் யேல் பல்கலைக்கழகத்தில் கேரன் ஜேக்ஸோடு சேர்ந்து, கோலிசின் ஈ3 என்ற பொருளால் 16எஸ் ஆர்.என்.ஏ.வின் வாலை வெட்டி எடுத்தார். வால் தனியாக வரவில்லை, தூது ஆர்.என்.ஏ. துண்டோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

1987ல் ஹுய், டி போயர் இருவரும் ஒரு படி மேலே போனார்கள். ஈ.கோலை பாக்டீரியாவில், செய்தியின் அடையாளத்தையும் ரைபோசோமின் வாலையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றினார்கள். மாற்றிய ரைபோசோம் மாற்றிய செய்தியைத் தேடிப் படித்தது. பூட்டு, சாவி இரண்டையும் சேர்த்து மாற்றியது போல!

இன்று தெரிந்திருப்பது இதுதான். ரைபோசோமின் சிறிய பாதி, மூன்று உதவிப் புரதங்களோடு தூது ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கிறது. வால் அடையாளத்தோடு ஜோடி சேர்ந்ததும் ஏயூஜி சரியான இடத்தில் வந்து நிற்கிறது. முதல் அமினோ அமிலம் வந்து அமர்ந்தபின் பெரிய பாதி மேலே மூடுகிறது, வேலை தொடங்குகிறது. எல்லா மரபணுக்களிலும் இந்த அடையாளம் இல்லை, அது இல்லாமலே தொடங்கும் செய்திகளும் பாக்டீரியாவில் உண்டு. மனித செல்லில் வழக்கமான முறையே வேறு. அங்கே செய்தியின் முனையில் ஏறி, ஏயூஜி வரும்வரை ரைபோசோம் தேடிக்கொண்டு போகிறது. அதனால்தான் மனித மரபணுவை அப்படியே பாக்டீரியாவில் வைத்தால் போதாது, ஷைன்-டால்கார்னோ அடையாளத்தையும் முன்னால் சேர்க்க வேண்டும். பாக்டீரியாவைக் கொண்டு மனிதப் புரதங்களைத் தயாரிக்கும் தொழிலுக்கு இது அடிப்படைப் பாடம்.

2009ல் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அடா யோனத், மூன்றாமவர் தாமஸ் ஸ்டைட்ஸ். ஆம், ஜோன் ஸ்டைட்ஸின் கணவர்தான். ரைபோசோம் எப்படி இருக்கிறது என்று காட்டியவர்களை உலகம் கொண்டாடியது நியாயமே. அது எங்கே தொடங்குகிறது என்று காட்டியது, நூலகத்துக்குப் போகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணும், கான்பெராவில் ஒரு மாணவரும் அவருடைய ஆசிரியரும். பாதி விடை ஒருவரிடம், மீதிப் பாதி இன்னொருவரிடம். இரண்டும் பொருந்தியபோதுதான் கதை தொடங்கியது, ரைபோசோமைப் போலவே.